மாடிக்குப் போன சாமான்கள்

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நரம்பே தட்டுப்படாத கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே குழந்தைகள் முழங்கையை மறைத்துக்கொண்டு ஓடும். அவளுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரே மகள், செல்லமாகக் குட்டி. மூன்று பேரும் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் இருந்தார்கள்.

குட்டிக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்த அன்று வீடே துள்ளியது. கட்டண விவரம் வந்ததும் துள்ளல் அடங்கிவிட்டது. வேன்காரர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் தொகை குறைவதாக இல்லை.

அப்போது வழி காட்டியது மேல்வீட்டு டோக்கன்தான். அவள் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவள். அதனால் வந்த பெயர். புருஷன் விட்டுவிட்டுப் போய் வெகு காலம் ஆயிற்று. ஒற்றை அறையில் மகனோடு இருந்தாள். அவன் குட்டியின் வகுப்பில் படித்தவன், அவளைவிட நன்றாகவே படிப்பவன்.

“அக்கா, ஒரு அறக்கட்டளை காலேஜ் ஃபீஸ் கட்டுதாம். எங்க பையன் அப்ளை பண்றான். குட்டியையும் பண்ணச் சொல்லுங்க. நாளைக்கே கடைசி நாள்” என்று படியில் நின்றே சொல்லிவிட்டு ஓடினாள். பிள்ளைகள் இருவரும் ஒன்றாகப் போய், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டு வந்தார்கள்.

சில வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. வீட்டைப் பார்க்க ஆள் வருவாராம். இவர்களுக்கு இந்த வியாழக்கிழமை, டோக்கன் வீட்டுக்கு அடுத்த வாரம்.

வந்து எதையெல்லாம் பார்ப்பார்களோ என்று ஊசியக்கா யோசிக்க ஆரம்பித்தாள். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி வேறு, “வீட்ல சாமான் நிறைய இருந்தா பேரை அடிச்சிடுவாங்களாம்” என்று கொளுத்திப் போட்டிருந்தாள். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் புதிதாகக் கண்ணில் பட்டன. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவி, அது அவள் அண்ணன் தன் வீட்டுக்குப் பெரிதாக ஒன்று வாங்கியபோது கொடுத்தது. வாஷிங் மெஷின். மூன்று பேர் உட்காரும் சோபா. பார்த்தால் தாங்கள் பெரிய பணக்காரர்கள்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

“ஃப்ரிட்ஜ் தவணையில வாங்கினது, டிவி உங்க அண்ணன் குடுத்தது. கேட்டா உள்ளதைச் சொல்லிட்டுப் போறோம்” என்றார் வேன்காரர்.

“உள்ளதைச் சொல்லிச் சொல்லித்தாங்க நாம இப்படியே இருக்கோம்” என்று அவர் வாயை அடைத்தாள்.

யோசனை சொன்னவள் ஊசியக்கா. இடம் கொடுத்தவள் டோக்கன். புதன்கிழமை சாயங்காலம் வேன்காரரும் டோக்கனின் மகனுமாக ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாடிப்படித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அடம் பிடித்தது. சோபாவின் ஒரு பக்கத்தை டோக்கனே பிடித்தாள். எல்லாம் ஏறி முடித்தபோது அவள் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதியில் தலையை நீட்டிச் சிரித்தாள்.

“ரெண்டு நாளைக்கு நானும் பணக்காரிக்கா. பார்க்க வர்றவங்களை முன்னாடியே சொல்லிட்டு வரச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை வந்தவர் வயசானவர், மரியாதையாகப் பேசுகிறவர். மேல்மூச்சு வாங்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்ததால் ஊசியக்கா அங்கே ஒரு குடத்தை வைத்திருந்தாள். அவர் குடத்தைப் பார்க்கவில்லை. குட்டியிடம் என்ன படிக்கப் போகிறாய், ஏன் படிக்கப் போகிறாய் என்று கேட்டார். டீயைக் குடித்து முடித்தார். எழுந்து நின்று, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்.

“மேல்வீட்டுப் பையனும் அப்ளை பண்ணியிருக்கான் இல்ல? அடுத்த வாரம்னு சொல்லியிருந்தேன். இன்னொரு தடவை வர்றதுக்கு இந்த முட்டி ஒத்துக்காதும்மா. இப்பவே பார்த்துட்டுப் போயிடறேன்.”

ஊசியக்கா அவருக்கு முன்னால் வாசலுக்குப் போய் நின்றாள். “அவங்க வேலைக்குப் போயிருப்பாங்களே சார்” என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மேலேயிருந்து டோக்கன் மகனைத் திட்டுகிற குரல் கணீரென்று கேட்டது.

“இருக்காங்க போல” என்று சிரித்துக்கொண்டே அவர் படியேறினார்.

அவளும் பின்னாலேயே ஏறினாள். திருப்பம் வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். பாதி திறந்த கதவு வழியாக அவருடைய முதுகும், அதற்கு அந்தப் பக்கம் டோக்கனின் முகமும் தெரிந்தன. அவர் பக்கவாட்டில் நுழைந்து, சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நிற்க இடம் தேடினார்.

“இதெல்லாம் உங்களோடதாம்மா?”

டோக்கனின் கண் அவர் தோளைத் தாண்டி வந்து ஊசியக்காவின் மேல் நின்றது. கோபமோ கெஞ்சலோ அதில் இல்லை. நீங்கதான் சொல்லணும் என்பது போல ஒரு பார்வை. ‘அது எங்களுது சார்’ என்ற மூன்றே சொல் ஊசியக்காவின் தொண்டை வரை வந்தது. கீழே நாற்காலி நுனியில் விரலைப் பிசைந்துகொண்டிருந்த குட்டியின் முகமும் கூடவே வந்தது. சொல் உள்ளே போய்விட்டது.

“ஆமா சார்” என்றாள் டோக்கன்.

“ஃப்ரிட்ஜ் பெருசா இருக்கே.”

“தவணையில வாங்கினது.”

“டிவி?”

“எங்க அண்ணன் குடுத்தது சார்.”

டோக்கனுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. ஊசியக்கா சத்தம் வராமல் கீழே இறங்கிவிட்டாள்.

அவர் போனதும் மேலே ஓடி, “ஏண்டி, ஏன் ஆமான்னு சொன்ன?” என்று கேட்டாள். கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“பின்ன என்னக்கா சொல்றது? உங்களுதுன்னு சொன்னா குட்டிக்கு ஒண்ணும் கிடைக்காது. விடுங்க, இவனுக்கு மார்க் இருக்கு, எப்படியும் குடுத்துடுவாங்க. சோபாவை எப்ப எடுக்கறீங்க? கால் நீட்ட இடமில்ல.”

மார்க் இருக்கு, குடுத்துடுவாங்க. அந்த வார்த்தைகளைத்தான் ஊசியக்கா அடுத்து வந்த நாட்களில் மாத்திரை போல விழுங்கிக்கொண்டிருந்தாள்.

முடிவு வந்தபோது குட்டிக்குக் கிடைத்திருந்தது. அவனுக்கு இல்லை.

டோக்கன் தானே இறங்கி வந்து குட்டியின் கன்னத்தைக் கிள்ளி, “எனக்கொரு வீடு கட்டித் தாடி, கதவு முழுசாத் திறக்கற மாதிரி” என்று சிரித்தாள். ஒரு குத்தல் பேச்சு இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஊசியக்கா அன்று கொஞ்சம் சாப்பிட்டிருப்பாள். அதற்குப் பிறகு டோக்கன் வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டு, அவள் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்துதான் இவள் வெளியே வருவாள். எதேச்சையாகப் பார்த்துவிட்டால், “என்னக்கா, ஆளையே காணோம்?” என்பாள் டோக்கன். வேலை ஜாஸ்தி என்று இவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

“நாம கேட்டா அவ அப்படிச் சொன்னா?” என்று வேன்காரர் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

“நாம கேக்கலைங்க. அதான் தாங்க முடியல.”

பரிசோதனைக் கூடத்தில் கை தடுமாற ஆரம்பித்தது. நல்ல தடித்த நரம்பே நழுவியது. ஒரு பெரியவர், “என்னம்மா, வேலைக்குப் புதுசா?” என்று கேட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் வரிசையில் டோக்கனின் மகன் வந்து உட்கார்ந்தான். பார்சல் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். சேர்வதற்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டுமாம். சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த மெலிந்த கையை மேஜைமேல் நீட்டினான்.

“நீங்க இருக்கற நேரமாப் பார்த்துத்தான் வந்தேன் பெரியம்மா. நீங்க குத்தினா வலிக்காதாமே.”

அவள் பஞ்சால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நரம்பு பளிச்சென்று தெரிந்தது. அப்படியும் முதல் தடவை தவறிப்போனது. “பரவால்ல பெரியம்மா” என்றான். இரண்டாவது தடவை எடுத்துவிட்டாள். அவன் எழுந்து போனதும், அடுத்த ஆளை உடன் வேலை செய்கிறவளிடம் விட்டுவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறி அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். கணவரிடம் சொல்லவில்லை. குட்டியிடம் கேட்கவில்லை.

அன்று வந்த அதே பெரியவர்தான் இருந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, ஃப்ரிட்ஜ் இருந்தா குடுக்க மாட்டோம்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“கூட வேலை செய்யறவ ஒருத்தி சார்.”

“அப்படி ஒரு விதியே இல்லையேம்மா. இந்தக் காலத்துல எந்த வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல? பொய் சொல்றவங்களுக்குக் குடுக்கறதில்லை, அவ்வளவுதான். வீட்ல என்ன சாமான் இருக்குன்னு கேட்ட இடத்தை உங்க பொண்ணு காலியா விட்டிருந்தா. அந்தப் பையன் ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தான். போய்ப் பார்த்தா நடக்க இடமில்லாம சாமான். பொய்யின்னு நானே எழுதிக் குடுத்தேன். நல்ல மார்க் அவனுக்கு. எனக்கே மனசு கேக்கல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அன்னைக்கு படியில நின்னீங்களே, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா…”

தான் நின்றதை அவர் பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பையனுக்கு அந்த வருஷமே கொடுத்தார்கள். குட்டிக்குக் கொடுத்ததை ரத்து செய்தார்கள்.

டோக்கனுக்கு விஷயம் போனில் தெரிந்தது. வேலைச் சீருடையோடு, கழுத்தில் தொங்கின விசிலோடு நேராகக் கீழ்வீட்டுக்கு வந்தாள். ஊசியக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். டோக்கன் உதறிவிட்டாள்.

“யாருக்கா உங்களைப் போகச் சொன்னது?”

“மனசு கேக்கலடி.”

“உங்க மனசுக்கு நல்லது பண்ணிக்கிட்டீங்க. நான் அன்னைக்கு ஆமான்னு சொன்னது உங்களுக்காகவா? குட்டிக்காக. அதைப் போய்க் கலைச்சுட்டு வந்திருக்கீங்க.” அவள் குரல் உடைந்தது. “என் பையனுக்குக் கிடைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். இல்லைன்னு சொன்னா என் வாய் அழுகிடும். ஆனா இந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்துட்டு நான் எப்படிச் சந்தோஷப்படறது? அன்னைக்கு சோபாவைக் கொண்டுவந்து வச்சீங்க, இன்னைக்கு இதைக் கொண்டுவந்து வச்சுட்டீங்க.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியேறிப் போனாள்.

குட்டி எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று ஊசியக்கா தயாராக இருந்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை.

“நானும் அன்னைலேர்ந்து அவன்கிட்ட பேசலைம்மா. எனக்கும் தாங்கலதான்” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே உன்கூட வந்திருப்பேன். கேக்கவே இல்லையே நீ.”

டோக்கனுக்குச் செய்த தவறைச் சரிபண்ணப் போய், யாரையும் கேட்காமல் மகளின் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டோம் என்பது ஊசியக்காவுக்கு அந்த நிமிஷம்தான் முழுதாகப் புரிந்தது.

எப்படியோ கல்லூரியில் சேர்த்தார்கள். பாதிக்கு வங்கிக் கடன். மீதிக்கு வேன்காரர் விடிகாலையில் இன்னொரு கம்பெனிக்கும் வண்டி ஓட்டினார். குட்டி சனி, ஞாயிறுகளில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றாள். டோக்கன் நாள்கணக்கில் பேசவில்லை. அப்புறம் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான ஒருநாள் பேச வேண்டியதாகி, பிறகு பேச்சு வந்துவிட்டது. ஆனால் பழைய மாதிரி கிண்டல் செய்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்றதில் கணுக்கால் வீங்கியிருந்தது. ஊசியக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “காலைக் குடு, அமுக்கி விடறேன்” என்றாள்.

“வேணாம்மா.”

ஊசியக்கா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குட்டி தானாகவே காலை நீட்டினாள். ஊசியக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இனிமே என் விஷயத்துல ஏதாவது பண்றதா இருந்தா, நல்லதோ கெட்டதோ, எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணு” என்றாள் குட்டி கண்ணை மூடிக்கொண்டு.

“சரி.”

“அங்க இல்ல, கொஞ்சம் மேல.”

ஊசியக்கா கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள்.