டோசோனோ அட்டையின் விலை

ஒசாகா நகரத்தின் விலை உயர்ந்த முகங்களில் தன் முகமும் ஒன்று என்பது டோசோனோ ஷிகேயோஷிக்கு எழுபத்தாறாவது வயதில், முடிவெட்டும் கடையில் வைத்துத்தான் தெரியவந்தது. அதுவரை அதைச் சவரம் செய்வதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்தார்.

"நிப்பொன்பாஷிக் கடைத்தெருவுல பழைய கார்டு விக்கிறவன் உன் கார்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான்டா," என்றார் கடைக்காரர் ஹமாஜி. "பக்கத்துலயே ஹோம்ரன் அடிச்ச மகராசனுங்க எல்லாம் கூடையில கெடக்கானுங்க. மூணு எடுத்தா ஒண்ணு சும்மா."

"கையில கத்திய வச்சுக்கிட்டுக் கிண்டல் பண்ணாதே."

"சத்தியமாடா. நானே ரெண்டு தடவை கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தேன். என் கண்ணாடிய இல்ல, அவன் பெட்டிக் கண்ணாடிய. திட்டினான்."

டோசோனோ ஒரு காலத்தில் பேஸ்பால் பந்து எறிபவர். அந்தக் காலமும் ஒரே ஒரு பருவம்தான். அந்தக் கோடையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் இலவசமாக வந்தன. டோசோனோவின் அட்டை கடைகளுக்கு வந்த அதே வாரத்தில், ஊரே உயிரை விட்டுப் பார்த்த ஆட்டத்தில், கடைசி நேரத்தில், மட்டைக்கு எட்டாத தூரத்தில் வரிசையாக நாலு பந்துகளைப் போட்டு, விதிப்படி ஓர் ஓட்டத்தையும் அதோடு வெற்றியையும் எதிரணிக்குத் தானமாகக் கொடுத்தார். கர்ணன் கூட யாராவது கேட்ட பிறகுதான் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மனைவி ஃபுசாயேயிடம் விஷயத்தைச் சொன்னார். சொன்னார் என்றால், கத்தினார். ஃபுசாயேயின் காது போய் நாலு வருடமாகிறது. தொலைக்காட்சியை அவள் வைக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். அது மட்டும் அவளுக்குக் காதில் விழாது. நல்ல காது கருவி ஒன்று வாங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன் விலையையும் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் அந்த மருத்துவரிடம் போகவில்லை.

ஃபுசாயே எழுந்து போய், பூஜை அலமாரியின் இழுப்பறையில் ஊதுபத்திப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து வந்தாள். உள்ளே அவருடைய அட்டை. ஓரம் மடங்காமல், சாயம் போகாமல், இருபத்து நாலு வயதில் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அந்த வருடமே எரித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"நீ இத எடுத்து வச்சியா?"

"என்னது?"

"இத வச்சிருந்தியான்னேன்!"

"வித்துட்டு வாங்க. இந்த மூஞ்சியத்தான் தெனமும் பாக்குறேனே, அது போதாதா?"

டோசோனோவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அட்டைக்கே இந்த விலை என்றால், அட்டையில் இருப்பவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? யோசித்துப் பார்த்தால் குறைந்தது இரண்டு மடங்கு வர வேண்டும். காலையில் பேனா தேடினார். மேசையில் இருந்தது ஒரே ஒரு தூரிகைப் பேனாதான். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பண உறையில் பெயர் எழுதுவதற்கான, கண்ணீர் பட்டு வெளுத்ததுபோல் சாம்பல் மை உள்ள பேனா. அவர்கள் வயதில் வேறெதற்கும் பெயர் எழுதும்படி யாரும் கேட்பதில்லை. படத்தின் நெஞ்சுக்குக் குறுக்கே பெயரை எழுதினார். கீழே சட்டை எண்ணை எழுதினார். இடம் மிச்சமிருந்ததால், "நன்றியுடன்."

நிப்பொன்பாஷிக் கடைக்காரன் மிபுவுக்கு முப்பது வயதிருக்கும். அறுவை சிகிச்சை செய்பவன்போல் கையுறை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தான். அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே, சொந்தத்தில் யாரோ போய்விட்டதுபோல் ஆனது.

"யாரு பெரியவரே இதுல கிறுக்குனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"அதுல இருக்குறதே நான்தான்."

மிபு அட்டையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"நீங்க இன்னும் இருக்கீங்களா?"

"அதுல ஏதாவது நஷ்டமா உங்களுக்கு?"

"லாபமும் இல்ல," என்றான் மிபு உண்மையான வருத்தத்துடன். "உக்காருங்க. உங்க கார்டு ஏன் இந்த வெல போகுதுன்னு தெரியுமா?"

"இப்பவாவது ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்கும்."

"அப்படி இல்ல பெரியவரே. பெரிய ஆட்டக்காரன் கார்டை எல்லாப் பையனும் பத்திரமா வச்சான். அதனால ஊரெல்லாம் கெடக்கு, கூடையில போட்டு விக்கிறேன். உங்களுத எவன் வச்சான்? கிழிச்சானுங்க, சைக்கிள் சக்கரத்துல சொருகினானுங்க, கால்வாய்ல எறிஞ்சானுங்க. உங்க மூஞ்சி வந்துடுமோன்னு பயந்து வறுவலே வாங்கலையாம். கம்பெனிக்காரன் உங்களுத அச்சடிக்கிறதையே பாதியில நிறுத்திட்டான்."

"அப்புறம் எதுக்கு இப்ப வாங்குறானுங்க?"

"மொத்த வரிசையும் சேக்குறவனுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் தூக்கம் வராது. உங்க மேல ஆசைப்பட்டு யாரும் வாங்கல. நீங்க இல்லாத அந்தக் காலி இடத்தப் பாக்கச் சகிக்காம வாங்குறாங்க."

கெட்ட செய்தியானாலும் விலை குறையவில்லை என்று டோசோனோவுக்குப் பட்டது. "சரி, இருக்கட்டும். எவ்வளவு தருவே?"

"நேத்து கொண்டு வந்திருந்தீங்கன்னா கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பேன். இவ்வளவு சுத்தமா ஒண்ணு நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு இது அழுக்கு கார்டு."

"என் கார்டுல என் பேரை நான் எழுதுனா அழுக்கா?"

"யாரு எழுதுனாலும் அழுக்குதான். பெரிய ஆளு எழுதுனா மன்னிச்சிடுவாங்க. அதுவும் இது..." மிபு குனிந்து பார்த்தான். "இது சாவு உறைக்கு எழுதுற மையில்ல?"

"அதான் வீட்ல இருந்துச்சு."

ரெண்டு கிண்ணம் ஊடோன் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசு தருவதாக மிபு சொன்னான். கூடவே இறால் வறுவலும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றான். டோசோனோ அட்டையைக் காகிதத்தில் வைத்து மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். மிபு வாசல் வரை ஓடி வந்தான்.

"பெரியவரே! வேற எங்கயாவது உங்க கார்டு கெடச்சா, தயவு செஞ்சு பேனாப் பக்கமே போயிடாதீங்க!"

வீட்டில் ஃபுசாயே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். அது நல்ல நாட்களில் மட்டும் செய்கிற காரியம்.

"எவ்வளவு?"

அவர் அட்டையை நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது என்னங்க கிறுக்கல்?"

"கையெழுத்து!"

"இத்தன வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். ஒரு ராத்திரி உங்க கையில குடுத்தா..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். சண்டை போடுவதற்கும் காது வேண்டும். "அழுதா போயிடுமா? குடுங்க, அழிச்சுடலாம்."

நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, அலமாரித் தூசு துடைக்கும் அதே பொறுமையோடு தேய்க்க ஆரம்பித்தாள். பஞ்சில் நிறம் வந்தது. முதலில் நீலம், அது தொப்பி. பிறகு தோல் நிறம். டோசோனோ அவள் கையைப் பிடிப்பதற்குள் அட்டையிலிருந்த சிரிப்பும் பஞ்சுக்கு வந்துவிட்டது. அச்சுச் சாயம் அத்தனையும் கரைந்தது. சாவு வீட்டு மை அசையவில்லை.

ஃபுசாயே அட்டையை விளக்குக்கு நேரே பிடித்தாள். மங்கலான வெள்ளையில் பெயர், எண், "நன்றியுடன்" மட்டும் தெளிவாக இருந்தன.

"இப்ப இன்னும் எடுப்பாத் தெரியுதுங்க," என்றாள். "நாளைக்கு வேற கடையில கேட்டுப் பாருங்களேன்."

ஏன் முடியாது என்று சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். டோசோனோ சரி என்று தலையாட்டினார்.