கால்சியம் இல்லாத பாட்டில்

வெற்றிச்செல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் புதன்கிழமை அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது.

பெரம்பலூர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மக்காச்சோள வேரில் இருக்கும் புரதம். அதற்கு நான்கு வளையங்கள், வளையத்துக்கு ஒரு கால்சியம். மண் காய்ந்தால் வேரின் செல்லுக்குள் கால்சியம் ஏறும். அதைப் பிடித்ததும் புரதத்தின் உருவமே மாறி, தண்ணீர் இல்லை என்ற சேதி அடுத்தடுத்த புரதங்களுக்குப் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிரூபிக்க வேண்டுமே!

ஜெல்லில் வைத்து மின்சாரம் விட்டால், கால்சியம் பிடித்த புரதம் வேகமாக ஓடும், பிடிக்காதது பின்தங்கும். சாயம் ஏற்றினால் தெரியும் இரண்டு நீலக் கோடுகளும் வேறு வேறு உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்பது தடவை ஓட்டியாயிற்று. ஒன்பது தடவையும் ஒரே உயரத்தில் நின்று அவளைப் பார்த்துப் பல்லிளித்தன.

"வெள்ளிக்கிழமை ஆய்வப் பாக்க கமிட்டி வருது. அதுக்குள்ள முடிவு வரலைன்னா தலைப்ப மாத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டார் வழிகாட்டி பஞ்சநாதன். மாற்றினால் இரண்டு வருட உழைப்பும் குப்பை. மாற்றப்போவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

கால்சியம் இல்லாத கரைசலுக்குள் எப்படியோ கால்சியம் வருகிறது. அதைக் கவ்விக்கொள்ளும் உப்பைக் கொஞ்சம் போட்டும் அடங்கவில்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் ரெங்கம்மாள். அரியலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வேறு யார்மேல் சந்தேகம் வரும்? திங்கட்கிழமையே அவரை மாற்றச் சொல்லி சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று நேரிலும் கத்தினாள்.

"ஒழுங்கா கழுவுறதே இல்லக்கா நீங்க. என் வேலையே போச்சு!"

ரெங்கம்மாள் ஒரு பாட்டிலை எடுத்து அவள் கண்ணெதிரே அமிலத்தில் ஊறவைத்து, சுத்திகரித்த நீரில் ஐந்து தடவை அலசி, உலர்த்தி நீட்டினார்.

"இந்தாங்க. குத்தம் இருந்தா சொல்லுங்க."

வாங்கிய வெற்றிச்செல்வி நேராகத் தொட்டிக்குப் போனாள். பைப்பைத் திறந்து, பாட்டிலை ஒரு அலசு அலசி, ஊற்றினாள்.

"கழுவுனத எதுக்கும்மா திரும்ப பைப்புத் தண்ணியில அலசுறீங்க?"

அவள் கை அப்படியே நின்றது. யார் வீட்டிலானாலும் சுத்தமான டம்ளரையும் ஒருமுறை அலசிவிட்டுத்தான் தண்ணீர் மொள்வார்கள். சொந்த ஊரான குரும்பலூரில் விவரம் தெரிந்த நாளாக அவள் கையும் அதைத்தான் செய்துவருகிறது. பைப்பில் வருவதோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறும் போர் தண்ணீர். சுண்ணாம்பு, அதாவது கால்சியம், மண்டிக் கிடக்கும் தண்ணீர். பானையில் வெள்ளை படிவதைப் பார்த்தே வளர்ந்ததால், பாட்டில் கழுத்தில் படிந்த வெள்ளை அவள் கண்ணில் படவே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. "அக்கா..." என்றாள். ரெங்கம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை எல்லாக் கரைசலையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்தாள். கையை நம்பாமல் பைப்பின் திருகில் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அப்படியும் இரண்டு தடவை கை அங்கே போனது. சாயங்காலம் ஜெல்லைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரு கோடு மேலே, ஒரு கோடு கீழே. தனியாக நின்று அழுதாள்.

மறுநாள் கமிட்டியில் வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பஞ்சநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கழுவுறதுலதான் கோளாறு இருந்துச்சு. இந்தப் பொண்ணு அப்பவே எழுதிக் குடுத்துச்சு. அந்தம்மாவ மாத்திடலாம்னு இருக்கேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பேசாமல் இருந்தாலே போதும், பழி அவள்மேல் வராது. வெற்றிச்செல்வி எழுந்து நின்றாள்.

"இல்ல சார். அவங்க சரியாத்தான் கழுவுனாங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் போர் தண்ணியில அலசுனேன். நான் எழுதிக் குடுத்தது தப்பு."

பேராசிரியர்களில் ஒருவர் பேனாவைத் திறந்தார். தலைப்பு தொடரலாம் என்று எழுதினார். அதன் கீழே, மாணவியின் கவனக்குறைவால் ஒன்பது சோதனைகள் வீண் என்றும் எழுதினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா."

முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ரெங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்கக் கீழே போனாள்.