காளிதாசன் படத்துக்கு மாலை

1
இந்தக் கதை ஒரு முழம் பிளாஸ்டிக் மாலையிலிருந்து வந்தது. பெரிய தரிசனம் கிடைத்து எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். கிடைக்கவில்லை.

‘பாலிங் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கிடையே விடியற்காலைப் பனி...’ என்று ஆரம்பித்தேன். என் நண்பர் காளிதாசன் விடியலைப் பார்த்ததே இல்லை. பத்து மணிக்குத்தான் எழுவார். அடித்துவிட்டேன்.

2
காளிதாசன் தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதித் தயாரிப்பவர். மிச்ச நேரத்தில் கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர், பருவத்தில் டுரியான் பழ வியாபாரி, தேர்தலில் எல்லாக் கட்சிக்கும் மேடைப்பேச்சு எழுதித் தருபவர். (ஒரே பேச்சுதான். கொடியின் நிறத்தை மட்டும் மாற்றுவார்.)

தொடரில் வரும் மாமியாருக்குச் செத்துப்போன புருஷன் ஒருவர் தேவைப்பட்டார், சுவரில் மாலை போட்ட படமாக. உயிரோடு இருப்பவர் எவரும் தன் படத்தைத் தரவில்லை. இதெல்லாம் மூடத்தனம் என்று திட்டிவிட்டு, காளிதாசன் தன் படத்தையே மாட்டி மாலையும் போட்டார்.

தொடர் ஓகோவென்று ஓடியது. கல்யாண அழைப்புகள் நின்றுபோயின. வாரா வாரம் மாலைக்குள் பார்த்த முகத்தை மணமேடையில் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? பெண்டாங் ஊரில் ஒருவர் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசினாராம்.

3
[அவர் மனைவி யோகேஸ்வரி அழுவதாக இங்கே ஒரு பத்தி இருந்தது. யோகேஸ்வரி அழுகிறவர் இல்லை. நீக்கினேன்.]

காளிதாசனுக்கு இருதயத்தில் அடைப்பு, மார்பைத் திறந்து அறுவை செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னார். உடனே மாலையைக் கழற்றச் சொன்னார் யோகேஸ்வரி. பாதிக் காட்சி எடுத்தாயிற்று, கழற்ற முடியாது என்றார் இவர்.

மறுநாள் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே யோகேஸ்வரி உள்ளே நடந்துபோய் மாலையைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். மாமியாராக நடித்த பிரேமாவதி அசரவில்லை. “யாரும்மா நீ? என் புருஷன் படத்துல கை வைக்கிற?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“அவரு என் புருஷன்லா,” என்றார் யோகேஸ்வரி. “இன்னும் உயிரோடதான் இருக்காரு.”

காளிதாசன் அதையும் ஒளிபரப்பினார்.

4
முடிவு அ: காளிதாசன் இறக்கிறார். அதே படம், புது மாலையோடு, வீட்டுச் சுவருக்கு வருகிறது. இதை எழுதியே முடித்தேன். பரிசு வாங்கும் அளவுக்கு நன்றாக வந்திருந்தது.

முடிவு ஆ: பிழைத்து வந்து மறுபடி மணமேடை ஏறுகிறார். சீனி அதிகம்...

முதல் முடிவைக் காளிதாசனுக்கே அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். இன்று காலை மருத்துவமனையிலிருந்து யோகேஸ்வரி அழைத்தார்.

“அவர உள்ள கொண்டு போயிட்டாங்க. நீங்க எழுதுனத அவரு போன்ல பாத்தேன். அழிச்சிருங்கண்ணே. நான் யாருகிட்டயும் கெஞ்சுனதில்ல.”

5
நான் பகுத்தறிவுக்காரன். எழுத்து ஒருவரையும் கொல்லாது என்று மேடை போட்டுப் பேசியிருக்கிறேன். அழித்துவிட்டேன். அழித்தது கணினிக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். இரண்டாவது முடிவை எழுதவும் கை வரவில்லை. எழுதி, அது பொய்யாகிப் போனால்?

மதியமாகிவிட்டது. யோகேஸ்வரி இன்னும் அழைக்கவில்லை.

வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவர் யாரோ. எப்படி முடித்தாலும் உங்களுக்குக் கதைதான். எனக்குக் காளிதாசன் வேண்டும்.