ஹீட்டரைக் கழற்றப் போனவன்

வீட்டுக்காரர் எலெக்ட்ரீசியனுக்கு மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நாலில் எதில் ஒரு பல்பு எரியவில்லை என்றாலும் ஓடிப்போய் நிற்க வேண்டியவன் எலெக்ட்ரீசியன்தான். "மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அடுத்த வார்த்தை "அந்த ஏணியை எடு" என்று இருக்கும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். ஒருதடவை குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்பி மோட்டார் பார்க்க அனுப்பினார். "எங்கண்ணன் சுபாவம் அது, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் பெண்டாட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

அந்தச் சனிக்கிழமை காலை வந்த வேலை மாடி வீட்டில். அங்கே ஒரு பேக்கரிக்காரனும் மனைவியும் ஒன்பது மாதக் கைக்குழந்தையும் குடியிருந்தார்கள். குளியலறை வாட்டர் ஹீட்டர் ஒழுகுகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படியேறும்போதே மச்சான் விளக்கம் சொன்னார். "அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கு? சாமான் எதுவும் இல்லாத காலி வீடு. அப்புறம் ஹீட்டர் எதுக்கு? அது இருக்கிறதாலதான ரிப்பேர் கேக்கறான். கழட்டிடு. மேடையில பதிச்ச கரண்ட் அடுப்பையும் கழட்டு. புகை இழுக்கிற ஃபேனையும் கழட்டு. இல்லன்னா நாளைக்கு அது ஓடலைன்னு வந்து நிப்பான்."

"இவங்க குடிவரும்போதே எல்லாம் இருந்துச்சே மச்சான்."

"நான் விட்டுவெச்சேன். அது என் பெருந்தன்மை."

எலெக்ட்ரீசியன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். அவன் தொழில் புத்திக்கு இது சுலபமான விஷயம். சுவரைத் துளைத்து, தனியாக ஒயர் இழுத்து, தனி ஸ்விட்ச் போட்டு மாட்டியது எதுவோ அது வீடு. தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியது எதுவோ அது சாமான். ஆக்கவும் குளிக்கவும் வழியில்லாத இடத்தை வீடு என்று சொல்லி வாடகைக்கு விடக்கூடாது. ஆனால் மச்சானிடம் இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த ஹீட்டரை மாட்டியவனே அவன்தான். கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக எர்த் ஒயர் இழுக்க வேண்டும், கொஞ்சம் சுவரை உடைக்கணும் என்று அன்றைக்குச் சொல்லிப் பார்த்தான். "இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன், கை வெக்காதே" என்றார் மச்சான். சரி என்று எர்த் இல்லாமலே மாட்டிவிட்டு இறங்கிவிட்டான்.

கதவைத் திறந்தவள் பேக்கரிக்காரன் மனைவி. டூல்ஸ் பையைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"ஒருவழியா வந்தீங்களே அண்ணா. நேத்து குழாயில கை பட்டு என்னைத் தூக்கி அடிச்சிடுச்சு. நல்லவேளை, பிள்ளையை அப்ப நான் தூக்கியிருக்கல."

அவள் முழங்கை நீலமாகக் கன்றிப்போயிருந்தது. எலெக்ட்ரீசியன் பார்வையைக் குளியலறைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ரிப்பேருக்கு வரல. கழட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்று மச்சான் உள்ளே நுழைந்தார். "வேணும்னா நீங்களே ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க. அடுப்பும் அப்படித்தான். காலி வீடு."

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "காலி வீடுன்னா கட்டில் பீரோ இல்லாத வீடுன்னு நெனச்சோம் சார். அப்ப கதவையும் கழட்டிடுங்க. அதுவும் ஸ்க்ரூவுலதான நிக்குது."

எலெக்ட்ரீசியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான், ஆனால் மச்சான் பார்த்துவிட்டார். அவர் காதுமடல் சிவந்தது. விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் நடந்தார்.

சத்தம் கேட்டுப் பேக்கரிக்காரன் எழுந்து வந்தான். ராத்திரி வேலை முடிந்து விடிந்ததும் படுத்தவன். கை முழுக்க அடுப்புச் சூட்டுத் தழும்பு. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"சார், திங்கக்கிழமை உக்காந்து பேசுவோம். இப்ப கீழ போங்க."

மச்சான் அவன் மார்பில் கைவைத்துத் தள்ளினார். அவன் நகரவில்லை. மறுபடி தள்ளினார். பிறகு திரும்பி, எலெக்ட்ரீசியன் தோளில் தொங்கிய பையிலிருந்து பெரிய ஸ்பேனரை உருவினார். என்ன செய்யப்போகிறார் என்று இவன் யோசிப்பதற்குள் அது பேக்கரிக்காரன் தோளில் இறங்கிவிட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த அடி நெற்றியில். அவன் கதவு நிலையில் முதுகு உரசியபடி சரிந்து உட்கார்ந்தான். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

அவள் குழந்தையை உள்ளறையில் கட்டாந்தரையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து, ஸ்பேனர் பிடித்த கையைக் கடித்தாள். ஸ்பேனர் விழுந்தது. மச்சான் மறு கையால் அவள் கூந்தலைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்து, தலையைச் சுவரில் மோதினார். ஒருமுறை. இரண்டுமுறை. உள்ளே குழந்தை வீறிட்டது.

மச்சான் மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, வேடிக்கை பாத்துட்டு நிக்கிற? போய் ஹீட்டரைக் கழட்டு."

எலெக்ட்ரீசியன் பையைக் கீழே வைத்தான். நாலு எட்டில் அவரை அடைந்து காதோடு சேர்த்து அறைந்தான். அவர் பிடி விட்டது. அடுத்த குத்தில் அடுப்பின்மேல் விழுந்து, அதன் இரும்புச் சட்டத்தில் தாடை மோத, தரையில் உருண்டார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார். இவன் அந்தக் கையை மிதித்தான். மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, முகத்தில் குத்தினான். பல் ஒன்று இவன் விரல் முட்டியில் குத்தி நின்றது. அதற்குப் பிறகும் குத்தினான். அவர் கையைத் தூக்கி மறைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். இவன் நிறுத்தவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தன்பாட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

பேக்கரிக்காரன்தான் தவழ்ந்து வந்து, ஒற்றைக் கையால் இவன் கழுத்தைச் சுற்றிப் பின்னால் இழுத்தான். "விடுங்கண்ணா. போதும். செத்துடுவாரு."

மச்சானின் மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொப்புளித்தது. ரத்தம் தொண்டையை அடைக்காமல் இருக்க எலெக்ட்ரீசியன் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தான். இரண்டு வண்டி வேண்டும் என்று சொன்னான். பிறகு போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

போலீஸில் எதையும் மறைக்கவில்லை. எர்த் போடாமல் மாட்டியதையும் கேட்காமலே சொன்னான். பேக்கரிக்காரனுக்குத் தோள் எலும்பு முறிவு, நெற்றியில் பதினொரு தையல். மச்சானுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்து, இடது காது கேட்காமலே போயிற்று. பேக்கரிக்காரன் மனைவி சொன்ன சாட்சியத்தில் அவருக்கு ஆறு மாதம் ஜெயில். குடிவரும்போது சுவரில் மாட்டியிருந்த ஹீட்டரையும் மேடையில் பதித்திருந்த அடுப்பையும் பழுது பார்த்துத் தருவது வீட்டுக்காரன் பொறுப்பு என்றும் நீதிபதி சொன்னார். அதற்குள் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். எலெக்ட்ரீசியனுக்குப் பதினாலு மாதம். லைசென்ஸும் போயிற்று.

பெண்டாட்டி நாலாவது மாதம்தான் பார்க்க வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணை விடுவிக்க அடிச்சீங்க. அதை நான் ஒத்துக்கறேன்" என்றாள். "எங்கண்ணன் கீழ விழுந்தப்புறம் அடிச்சீங்களே, அது யாருக்காக?"

அவன் விரல் முட்டியில் இருந்த பல் தழும்பைத் தடவினான்.

தண்டனை முடிந்து அவன் வெளியே வந்தபோது அவள் ஜெயில் வாசலில் நின்றிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் காலியிடம் இருந்தும் முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவனுக்கு ஒரு மரக்கடையில் பலகை இறக்கும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் வருவாள். அவன் கேட்கமாட்டான், அவள் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான். "எப்படியிருக்கார்?"

"மெல்ல முடியல. எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடுக்கணும்." கையிலிருந்த சட்டையை உதறினாள். "உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறீங்களா, கேக்கணுமேன்னு கேக்கறீங்களா?"

அவன் யோசித்தான். "தெரியல" என்றான்.

அவள் சட்டையை வைத்துவிட்டு ஒரு போர்வையை விரித்து, மறுமுனையை அவனிடம் நீட்டினாள். பெரிய போர்வை, ஒரு ஆளால் மடிக்க முடியாது. அவன் எழுந்து பிடித்துக்கொண்டான்.