கட்டைப் பிரிக்காத ஆறு நாள்

என் கணவர் ஹபீபுல்லாவின் இடது உள்ளங்காலில், பெருவிரலுக்கு அடியில், எட்டு மாதமாக ஒரு புண். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு இறக்கிப் பெயின்ட் அடிக்கும் வேலை அவருக்கு. சர்க்கரை வந்து காலில் உணர்ச்சி போயிருந்ததால், செருப்புக்குள் விழுந்த இரும்புச் சுருள் குத்தியதே தெரியாமல் வீடுவரை நடந்து வந்திருக்கிறார். தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன்.

அன்றிலிருந்து அந்தப் புண் என் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டேன். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். எப்படிச் செய்வது என்று சொன்னவர் அவரேதான்.

"தகட்டுல துரு ஒரு பொட்டு வுடக்கூடாது ஷம்ஷாத். சொரண்டிட்டுத்தான் பெயின்ட் அடிப்போம். வுட்டா அடியிலயே தின்னுகினு போவும்."

இரும்புக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மருந்துக்கடையில் வாங்கிய நுரைக்கிற மருந்தை ஊற்றுவேன். பஞ்சால் அழுத்தித் தேய்ப்பேன். ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதை உரித்து எடுத்து, சிவப்பு தெரியும்வரை ஓயமாட்டேன். அவருக்கு வலிக்காது, எனக்குத் திருப்தி. சுத்தம் என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான், எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

புண் மட்டும் ஆறவே இல்லை. சுற்றிலும் சிவந்து வீங்கி, கை வைத்தால் சுட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "மூணு வாரம் பாப்போம். சுருங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார். எங்கள் மாடி வீட்டு மாமாவுக்கு முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரை போனது.

கட்டுப் போடும் நர்ஸ் ஜானட், வீட்டில் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டாள். நான்தான் என்று பெருமையாகச் சொல்லி, செய்முறையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது.

"அக்கா, காயம் பட்டா ஒடம்பே ஆளுங்கள அனுப்பும், கலீஜக் கழுவறதுக்கு. அதான் வீங்குது, சுடுது. நாலஞ்சு நாள்ல அவங்க கெளம்பணும். அப்பத்தான் சதை கட்டற ஆளுங்க உள்ள வருவாங்க. சர்க்கரைக்காரருக்கு அவங்க கெளம்பறதே லேட்டு. நீங்க வேற தெனம் தேய்ச்சு புதுசாக் காயம் பண்ணிகினே கீறீங்க, எப்டிப் போவாங்க? அங்கயே நின்னுகினு வர்ற சதையையும் கரைச்சுட்றாங்க."

"அப்ப நான் ஓரத்துல உரிச்சது?"

"அதுதாங்க்கா புதுத் தோலு."

நேற்று வந்த பெண் எனக்குச் சொல்கிறாளா என்று முதலில் கோபம்தான் வந்தது. வராண்டாவுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. எட்டு மாதம், என் கையாலேயே.

"நாந்தான சொரண்டச் சொன்னேன்" என்றார் அவர். அதைக் கேட்டு இன்னும் அழுதேன்.

செத்த சதையை மட்டும் எடுத்துவிட்டு ஜானட் கட்டுப் போட்டிருந்தாள். காலை ஊன்றக்கூடாது. காய்ச்சலோ நாற்றமோ வந்தால் உடனே வர வேண்டும். இல்லையென்றால் ஆறு நாளைக்குக் கட்டைப் பிரிக்கவே கூடாது.

அஸர் முடிந்ததும் என் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. மூன்றாம் நாள் கட்டின் மேல் மஞ்சளாகச் சின்னக் கறை. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவர் தானாகவே காலை என் மடியில் தூக்கி வைத்தார்.

"பிரிக்கணும்னா பிரி. நீ இன்னா செஞ்சாலும் எனக்கு சரிதான்."

அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஜானட்டுக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் இல்ல, நாத்தம் இல்லன்னா வுடுங்கக்கா" என்றாள். விட்டேன்.

ஆறாம் நாள் அவள் கட்டைப் பிரிக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "திரும்புங்கக்கா, சுருங்கிகீது. இப்படியே போனா விரலப் பத்திப் பேச்சே வேணாம்" என்றாள். மறுபடி அழுதேன். அவளையும் அழ வைத்தேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "இனிமே என் காலத் தொடவே மாட்டியா?"

"எதுக்கு? அதான் ஒண்ணுமே தெரியாதே உங்களுக்கு."

"தேய்க்கறது தெரியாது. நீ பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தது தெரியும்ல?"

வீடு வரும்வரை அவர் முழங்கால் மேல் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை.