பச்சையில் முப்பத்தெட்டு

மனைவிக்கு வானவில் காட்டப் போய், தண்ணீர் லாரி டிரைவர் ஒரே நொடியில் ஊர்க் காற்றைச் சுத்தமாக்கிவிட்டார்.

காலை பத்து மணி. நாற்சந்தியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல மரங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஜன்னலில் மனைவி நின்று கையாட்டினாள். ஐம்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்க பக்கத்தில் ஆளில்லை. ஹோஸின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீரை வெயிலில் விசிறி போல் மேலே தூக்கினார். வானவில் வந்தது. கூடவே ஒரு குடம் தண்ணீர், கம்பத்தின் மேலிருந்த காற்றை அளக்கும் பெட்டிக்குள்ளும் போனது. பெட்டி விக்கியது. சந்தியின் மறுபக்கக் கட்டட உச்சியிலிருந்த பெரிய மின் போர்டில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்த மாசு எண் நூற்று அறுபத்திரண்டு அணைந்து, இரண்டு முறை கண்சிமிட்டி, பச்சையில் முப்பத்தெட்டு என்று நின்றது. நின்றது நின்றதுதான்.

ஏழு வருடமாக அவருடைய வேலையே அந்தப் பெட்டியை ஏமாற்றுவதுதான். உத்தரவில் 'தூசுக் கட்டுப்பாடு' என்று கௌரவமாக எழுதியிருந்தார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஊர் முழுக்கப் பறக்கும்; அளக்கும் பெட்டி ஊருக்கே ஒன்று. ஆகவே பெட்டியைச் சுற்றி இருநூறு அடிக்கு அரைமணிக்கு ஒரு தடவை நனைத்தால் எண் ஐம்பது இறங்கும். மற்ற தெருக்களில் சாம்பல் தன் இஷ்டத்துக்கு உலாவிக்கொண்டிருக்கும். லாரி நிரப்பும் ஏரியோ வருடத்துக்கு வருடம் பின்வாங்கிக்கொண்டிருந்தது. உறிஞ்சு குழாயோடு ஆறு துண்டு கூடுதலாகச் சேர்த்தாகிவிட்டது. குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள் லாரியைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள்.

"என்னண்ணே, ரோட்டுக்கு ரொம்பத் தாகமா?"

"மரத்துக்கும்மா" என்பார். மரங்களுக்கே அதில் உடன்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. இலைகள் கருகிக்கொண்டே வந்தன.

பெட்டி கெட்ட அன்றே சூப்பர்வைசரிடம் ஓடினார். மகன் வயசுப் பையன், ஆனாலும் சார்.

"சார், பெட்டிய நனைச்சுட்டேன். பொய் நம்பர் காட்டுது."

"எது பொய்? மெஷின் சொல்லுதுண்ணே. மேல இருந்து பாராட்டி மெசேஜ் வந்திருக்கு பாருங்க."

"ரிப்பேர் எப்ப சார்?"

"எழுதிப் போட்ருக்கேன். நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?"

அந்த மாதச் சிறந்த ஊழியர் என்று அவர் போட்டோவை அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். எடுக்கும்போது இருமலை அடக்கிக்கொண்டிருந்ததால் படத்தில் மகா கண்டிப்பான ஆள்போல் விழுந்திருந்தார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அவர் மனைவி அந்த போர்டைப் பார்த்துத்தான் மூச்சுவிட்டாள். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று சொல்லி நாலு வருடமாகிறது. போர்டில் சிவப்பு என்றால் வாசல் கதவிடுக்கில் ஈரத்துணி. ஆரஞ்சு என்றால் ஜன்னல்கள் அடைப்பு. பச்சை என்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவாள். பச்சை இதுவரை இரண்டே நாள், அடைமழையில் வந்தது. பெட்டி கெட்ட அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது அத்தனை ஜன்னலும் விரியத் திறந்திருக்க, திரைச்சீலைகள் ஆடிக்கொண்டிருந்தன. மேசைமேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். கோடு பளிச்சென்று விழுந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருடம் அவள், மலைமேல் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே குடிபோய்விடலாமா என்று கேட்டபோது, "பொறும்மா, நம்பர் இறங்கிட்டே வருது" என்று நிறுத்தியவர் அவர்தான். இறக்கிக்கொண்டிருந்தவரும் அவரேதான். ஒரு பொய்யென்றால் ஒப்புக்கொண்டுவிடலாம். இது ஏழு வருடப் பொய், அதுவும் அரைமணிக்கு ஒரு தடவை.

அதனால் ஜன்னலைச் சாத்தக் காரணங்கள் தேடினார். பூனை வருகிறது என்றார். வெயில் அடிக்கிறது என்றார். கொசு என்றார்.

"லிஃப்ட் இல்லாத வீட்டுக்குக் கொசு மூணு மாடி ஏறி வருதாக்கும்? எனக்கே முடியலை" என்றாள்.

உண்மைதான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார ஆரம்பித்திருந்தாள். நாளைக்கு இரண்டு தடவை என்றிருந்த இன்ஹேலர் மூன்று மணிக்கு ஒரு தடவை என்றாகிவிட்டது. டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டார்.

"ஜன்னலத் தெறந்து வெச்சதாலயா சார்?"

"பல காரணம் இருக்கலாம்."

"வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனா சரியாயிடுமா?"

"பார்க்கலாம்."

ஐந்து நிமிடத்தில் நாலு 'பார்க்கலாம்' வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

இருபத்துமூன்றாம் நாள் சாயங்காலம், சமையலறை ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு அவள் அவருடைய யூனிஃபார்மை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள். குளியலறையில் மூச்சு முட்டுகிறதென்று துவைப்பது இங்கே மாறியிருந்தது. அவள் நெஞ்சுக்குள் யாரோ ஓயாமல் விசிலடிப்பது போலிருந்தது. வேறெங்கும் உட்கார முடியாமல் அவர் தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்த போர்டு... கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். அதுக்கு முன்னாடி காட்டினதும் நெசமில்லை. தண்ணியடிச்சு நான் இறக்கினது."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்க சட்டைய யாரு துவைக்கிறா?" நனைந்த காலரைத் தூக்கிக் காட்டினாள். கருப்பாகச் சொட்டியது. "முப்பத்தெட்டுல தண்ணி இப்படியா வரும்?"

"அப்புறம் எதுக்கு ஜன்னலத் தெறந்து வெச்ச?"

"மூடினாலும் இதே இருமல்தாங்க. தெறந்தா வெளியவாவது தெரியுது." இருமி முடித்துச் சிரித்தாள். "உங்க கொசுக் கதைதான் சகிக்கலை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தவழாத குறையாக வாளிக்கு நெருக்கமாக நகர்ந்தார்.

"நாளைக்கே அக்கா வீட்டுக்குக் கிளம்பிடலாம். வேலைய விட்டுடறேன். இப்ப போனாக்கூட சரியாயிடும்ல?"

பார்க்கலாம் என்று அவளும் சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அதுகூடப் போதும் என்றிருந்தது. அவள் சட்டையைப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, பேசுவதற்கு வேண்டிய மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள்.

"ஆகாதுங்க. அங்க காடு எரியுது. அக்கா மூணு மாசமா ஜன்னலைத் தெறக்கலை. அங்க இல்லை, எங்க போனாலும் எனக்கு இனிமே சரியாகாது."

வாளித் தண்ணீர் மெல்ல அடங்கியது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் போர்டின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து அந்தக் கருப்பில் விழுந்தது. தலைகீழாக, பச்சையாக, முப்பத்தெட்டு. கம்பியிலிருந்த சட்டையிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. எண் கலைந்து, திரும்பக் கூடி, அப்படியே நின்றது.