சும்மா ஒரு நிமிஷம்

காஞ்சிபுரத்தில் நிக்கத்துக்கு இரண்டு பெயர். கல்யாண மண்டபங்களில் அவள் வீடியோக்காரப் பொண்ணு. வீட்டில் பிழைக்கத் தெரியாதவள். பட்டும் நகையுமாக வருகிற கூட்டத்தைப் படம் பிடித்துச் சம்பாதிப்பதையெல்லாம், யாரும் கேட்காத ஆவணப் படங்களில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பாள். அம்மா திட்டுவதிலும் நியாயம் இருந்தது.

அப்படிக் கொட்டி எடுத்த படங்களில் ஒன்று யேசுதாஸைப் பற்றியது. வாலாஜாபாத் சாலையில் ஒரு பட்டறையில் கருங்கல்லுக்கு மெருகு போடுகிற வேலை அவருக்கு. கல் பளபளவென்று யார் வீட்டுப் படிக்கட்டுக்கோ போய்விடும். தூசி மட்டும் எங்கேயும் போகாமல் அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது. நிக்கத் கேமராவோடு ஓரிக்கையில் இருந்த அவர் வீட்டுக்குப் போன சமயத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். நாலு வார்த்தை பேசினால் ஓர் இழுப்பு. கர்... கர்... என்று உள்ளே யாரோ மரம் அறுப்பது போலக் கேட்கும். அவர் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி கிரேஸ் முடித்து வைப்பாள்.

பேச்சு முடிந்ததும் நிக்கத் எழுந்து ஃபேனை நிறுத்தினாள். "அண்ணா, இப்ப ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. இந்த ரூமோட சத்தத்த மட்டும் எடுத்துக்கறேன்."

"ரூமு இன்னாமா பேசும்?"

"பேசாதுண்ணா. ஆனா சும்மா இருக்கறப்ப ஒவ்வொரு வீடும் ஒரு மாதிரி கேக்கும். படத்த வெட்டி ஒட்டறப்போ நடுவுல ஒட்டுப்போட வேணும். டெய்லர் அதே துணில கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கிற மாதிரி."

"சும்மா இருக்கறதையும் வுட மாட்ட போல," என்று சிரித்தார் யேசுதாஸ். சிரித்ததற்குத் தண்டனையாக இருமல் வந்தது. அது அடங்கியதும், ஆதார் கார்டுக்குப் படம் எடுக்கப் போனவரைப் போல முழங்காலில் கைவைத்து விறைப்பாக உட்கார்ந்தார். கிரேஸும் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கழிந்தது. "போதும்ணா," என்றாள் நிக்கத்.

இப்படிப் போகிற வீட்டிலெல்லாம் ஒரு நிமிஷ அமைதியைப் பிடித்து வருவது அவள் வழக்கம். பேச்சில் வராதது அதில் வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அவற்றையெல்லாம் லேப்டாப்பில் 'சும்மா' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள்.

படத்தை வெட்ட உட்கார்ந்தபோது யேசுதாஸ் சொன்னதில் பாதி புரியவில்லை. இழுப்பு வார்த்தைகளை மூடியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று சாஃப்ட்வேரைப் போட்டு ஒலியைச் சுத்தம் செய்தாள். தெருவில் போன பஸ் போயிற்று, காக்காய் போயிற்று, இழுப்பும் போயிற்று. செய்தி வாசிப்பவரைப் போலத் தெளிவாகப் பேசினார் யேசுதாஸ். டெல்லியில் ஒரு படவிழாவில் கைதட்டினார்கள். நிக்கத்துக்கும் பெருமைதான். ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்கள் வந்தபோது, இடமில்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்த அசல் பதிவுகளை அழித்தாள்.

கார்த்திகை மழையில் யேசுதாஸ் இறந்துபோனார்.

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்த மறுநாள் நிக்கத் லேப்டாப்போடு ஓரிக்கைக்குப் போனாள். கிரேஸ் ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்.

படம் ஓடியது. கிரேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை கீழே இறங்கிவிட்டது. திரைக்கு அருகே குனிந்து காதைக் கொடுத்தாள்.

"யாருமா பேசறது?"

"அண்ணன்தான்க்கா."

"மூஞ்சி அவருது. இழுப்பு எங்க?"

தூசி ஒரு மனிதனின் மூச்சை எப்படித் தின்னும் என்று காட்டத்தான் நிக்கத் அந்தப் படத்தையே எடுத்தாள். அந்த மூச்சைத் தானே துடைத்து எறிந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. "பேச்சு புரியணும்னு எடுத்துட்டேன்க்கா," என்றாள்.

"தப்பா சொல்லலமா. நல்லாத்தான் பேசறாரு. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது. அந்த இழுப்ப கேட்டுக்கினே படுத்து பழகிடுச்சி. சத்தம் நின்னா பதறி எழுந்து பாப்பேன். இப்ப டெய்லி நின்னே இருக்குது. பழசு உங்கிட்ட இருக்கும்ல?"

"அழிச்சிட்டேன்க்கா."

கிரேஸ் தலையை ஆட்டினாள். "பரவால்லமா. உக்காரு, டீ போடறேன்," என்று எழுந்து உள்ளே போனாள். திட்டியிருந்தால் நிக்கத் தாங்கியிருப்பாள்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. 'சும்மா'வைத் திறந்து தேடினாள். யேசுதாஸ் வீடு, ஓரிக்கை. இருந்தது. சுத்தம் செய்யாதது. ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே போய்க் கிரேஸின் காதில் மாட்டினாள்.

கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மார்பும் அந்த இழுப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது.

"இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போட்டாள். கிரேஸின் கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது, அவள் துடைக்கவில்லை.

"அன்னிக்கு ஃபேன நிறுத்தன இல்ல, அதான் நல்லா கேக்குது," என்றாள். பிறகு தயங்கினாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. கடசில நீ போதும்ணான்னு சொல்றியே, அத்த மட்டும் எடுத்துட முடியுமா?"

"ஏன்க்கா?"

"நீ சொன்னதும் அவரு நிறுத்திடறாரு."

நிக்கத் லேப்டாப்பை மடியில் வைத்துத் தன் குரலைத் தேடிப் பிடித்து வெட்டினாள். மீண்டும் போட்டாள். இப்போது யாரும் போதும் என்று சொல்லவில்லை. மூச்சு மட்டும் அதே இடத்தில்தான் நின்றது.